வெள்ளி பூசிய மூடிகள்

ஸ்பேனர் பறந்து போய் மூலையில் அடுக்கியிருந்த பழைய டயர்களுக்கு நடுவே விழுந்தது. மெக்கானிக்கம்மா எழுந்து போய் அதை எடுத்து வந்தாள், துணியால் துடைத்தாள், மறுபடியும் வேலைக்குக் குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஸ்பேனர் பறந்தது. அதுவும் டயர்களுக்கு நடுவேதான் விழுந்தது. எவ்வளவு கோபம் வந்தாலும் அவளுக்குக் குறி தப்பாது. ஆள் இருக்கும் பக்கமோ கண்ணாடி இருக்கும் பக்கமோ இதுவரை ஒரு போல்ட்கூடப் போனதில்லை. அந்த டயர்கள் எந்த வண்டிக்கும் ஆகாதவை. இதற்கென்றே அடுக்கி வைத்திருக்கிறாள்.

சிலருக்குக் கோபம் எங்கிருந்தோ வரவேண்டும். இவளுக்கு அது மூக்கு நுனியிலேயே குடியிருக்கிறது. காலையில் ஷட்டர் பாதியில் சிக்கினால் ஷட்டருக்குத் திட்டு விழும். டீ ஆறியிருந்தால் டீக்கு. வண்டி கொண்டுவருகிறவர் யாராவது, "என்னன்னு தெரியல, திடீர்னு சத்தம் வருது" என்று தொடங்கினால் அவர் கதை முடிந்தது.

"திடீர்னா? அது மூணு மாசமாக் கத்திக்கிட்டு இருந்திருக்கும். நீங்க பாட்டை உச்சத்துல வெச்சிக்கிட்டு ஓட்டிருப்பீங்க."

திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அடுத்த முறையும் அவளிடமே வருகிறார்கள். அவள் பிரித்துச் சேர்த்த எஞ்சின் நடுவழியில் யாரையும் இறக்கி விட்டதில்லை. ஐம்பதைத் தாண்டிய உடம்பு. முழங்கை வரை சுருட்டிய ஆண்பிள்ளைச் சட்டை. கொண்டையைப் பிடித்து நிற்பது ஏதோ ஒரு பம்பிலிருந்து கழற்றிய ரப்பர் வளையம். ஓடும் எஞ்சினின் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பாள். அப்போது மட்டும் அவள் முகத்தில் கோபம் இருக்காது. யாராவது பேசினால் வந்துவிடும்.

பட்டறையில் பாதி அவளுடையது. மறுபாதி அவள் வீட்டுக்காரருடையது. அடிபட்ட வண்டிகளுக்கு ஒடுக்கு எடுத்து வண்ணம் பூசுவது அவர் தொழில். சொந்தக்காரர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் பெயின்டர்தான். அவருடைய தூசி இந்தப் பக்கமும் இவளுடைய எண்ணெய் அந்தப் பக்கமும் வராமலிருக்க, தரையில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதைப் போட்டவரும் அவரே. நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும்.

சாதாரண நாட்களில் அவரை "ஏங்க" என்பாள். கோபம் வந்தால் "பெயின்டரே." இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவர் ஒரு முறைகூட "ஏங்க" ஆகவில்லை, "பெயின்டரே"தான்.

காரணம், அவள் பக்கத்துச் சுவரோரம் நிற்கும் கார். இரண்டே இருக்கை, தரையோடு படுத்தாற்போல் தாழ்ந்த உடம்பு, மூக்கு மட்டும் நீளம். ஒரு காலத்தில் பந்தயத்துக்கும் போயிருக்கும் என்கிறார்கள். பழைய இரும்புக் கடையில், இருக்கைக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த நிலையில், அவள் கண்ணில் பட்டது. அடுத்தவர் வேலை இல்லாத நேரமெல்லாம் அதற்குத்தான் கொடுத்தாள். "ஊர் வண்டி எல்லாம் என் கையால கிளம்பிப் போகுது. ஒண்ணாவது எனக்குன்னு நிக்கட்டுமே" என்பாள். உடம்பில் அடித்திருந்த எண்ணும் எஞ்சினில் அடித்திருந்த எண்ணும் ஒன்றே, காரோடு பிறந்த எஞ்சின் அது. அந்த எஞ்சினின் சத்தத்தை அவள் இன்னும் கேட்டதில்லை. அதைக் கேட்கத்தான் இத்தனை பாடும்.

எஞ்சினின் முதுகெலும்பை கிராங்க் என்பார்கள். பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிப்பதைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டு அது. அதைக் கீழிருந்து ஐந்து இரும்பு மூடிகள் அணைத்துப் பிடித்திருக்கும். எஞ்சின் பிறந்த இடத்திலேயே, மூடிகளைப் பூட்டிய பிறகுதான் தண்டுக்கான துளையைக் குடைந்திருப்பார்கள். ஆகவே பார்வைக்கு ஐந்தும் ஒரே அச்சாக இருந்தாலும், அதனதன் இடத்தில் அததது உட்கார்ந்தால்தான் துளை வட்டமாக வரும். இடம் மாறினால் மயிரிழை தூக்கும். அந்த மயிரிழை போதும், தண்டு சுற்றாது.

அதனால் மற்ற மெக்கானிக்குகள் மூடியைக் கழற்றும் முன்பே பஞ்ச் என்கிற கூர் உளியை வைத்துச் சுத்தியலால் புள்ளி அடித்துக்கொள்வார்கள். முதல் மூடிக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று. இவள் அடிக்க மாட்டாள்.

"இரும்பு என்ன மாடா, சூடு போட?"

அவள் வழி வேறு. மேசையில் ஒரு பழைய படுக்கை விரிப்பை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே பரப்பி வைப்பாள். அந்த விரிப்பின் பக்கம் போக எலிகூட யோசிக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு வாஷர்கூட இடம் மாறியதில்லை.

மகளுக்குப் பிரசவம் என்று அவள் கிளம்பிப் போனபோது காரின் எஞ்சின் முழுதாக அந்த விரிப்பின் மேல் இருந்தது. "நீ நிம்மதியாப் போய்ட்டு வா. பட்டறையை நான் பாத்துக்கறேன்" என்றார் பெயின்டர்.

பார்த்துக்கொண்டார். அவள் திரும்பி வந்து பட்டறைக்குள் கால் வைத்தபோது, ஐந்து மூடிகளும் அவர் வண்ணம் அடிக்கும் கூண்டுக்கு வெளியே கம்பியில் வரிசையாகத் தொங்கின. வெள்ளி நிறத்தில் கண்ணைப் பறித்தன. பக்கத்தில் பெயின்டர், பள்ளியில் பரிசு வாங்கிய பையன் மாதிரி நின்றார்.

"எப்படி இருக்கு? ரெண்டு கோட்டிங் அடிச்சிருக்கேன். இனிமே துரு இந்தத் திசைக்கே வராது."

அவள் மூடிகளைப் பார்க்கவில்லை. வெறுமையாகக் கிடந்த மேசையைப் பார்த்தாள்.

"விரிப்பு எங்க?"

"ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. ஊறவெச்சு, தோய்ச்சு, மடிச்சே வெச்சுட்டேன்."

அன்று ஸ்பேனர் பறக்கவில்லை. ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று பெயின்டருக்கு உறைத்தது அதனால்தான். அவள் முக்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பிறகு தரையைக் காட்டினாள்.

"பெயின்டரே, இந்தக் கோட்டைத் தாண்டி இனிமே உங்க கால் வரக் கூடாது."

அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு திட்டில் தீர்ந்திருக்கும். ஆசையாகச் செய்திருந்தார். ஆசையாகச் செய்தவரை மனசாரத் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. அழுகை வந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைக்கும் சத்தத்தில் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது.

தப்பைச் சரிசெய்யக் கிளம்பிய பெயின்டர் இன்னொரு தப்போடு வந்து நின்றார். பழைய உதிரிப் பாகக் கடை வைத்திருக்கும் அவள் தம்பியும் கூட்டு. விபத்தில் நொறுங்கிய ஒரு புதுக் காரின் எஞ்சினை, துளி சேதமில்லாமல் கழற்றி, தள்ளுவண்டியில் கொண்டுவந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்கள்.

"இப்ப எல்லாரும் இதைத்தான்கா பண்றாங்க. பழைய உடம்பு, புது எஞ்சின். சாவியைத் திருப்பினாப் போதும், பறக்கும்" என்றான் தம்பி.

அவள் அதைச் சுற்றி வந்தாள். மேலே இருந்த பிளாஸ்டிக் மூடியை விரலால் தட்டினாள்.

"டிபன் டப்பா மாதிரி இருக்கு. நல்ல எஞ்சின்தான். போய் நல்ல வண்டியாப் பாத்து வை."

"இதுல வெக்கலாம்கா. எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கிற தகட்டுல நாலு அங்குலம் அறுத்தா உள்ள போயிரும்."

"உன் மூக்குல நாலு அங்குலம் அறுக்கட்டுமா? உனக்கும் உள்ள காத்து நல்லாப் போகும்."

ஆனாலும் தம்பி போகும்போது தகட்டில் அறுக்க வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் வரைந்துவிட்டுத்தான் போனான். அக்காவைப் போலவே அவனுக்கும் பிடிவாதம் அதிகம்.

அவள் வரிந்துகட்டிக்கொண்டு மூடிகளிடம் இறங்கினாள். முதலில் வெள்ளியை உரிக்க வேண்டும். சுரண்டினால் இரும்பில் கீறல் விழும், ஆகவே பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். தின்னர் இருப்பதோ பெயின்டரின் அலமாரியில். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலை மஞ்சள் கோட்டின் மேல் ஒரு டின் தின்னர் இருந்தது. அவள் யாருக்கும் நன்றி சொல்லாமல் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் ஒரு டின் கோட்டின் மேல் இருக்கும். அவர் வைப்பதை அவள் பார்த்ததில்லை, பார்த்திருந்தாலும் காட்டிக்கொண்டதில்லை.

வெள்ளி போனதும், ஒவ்வொரு மூடியையும் ஒவ்வோர் இடத்திலும் பூட்டி, துளைக்குள் விரலை விட்டு நகத்தால் வருடினாள். மூடியும் அதைத் தாங்கும் எஞ்சின் பிளாக்கும் சேரும் இடத்தில் நகம் தட்டினால் அது அதன் இடமில்லை. தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. பூட்டுவதும் கழற்றுவதுமாக நாட்கள் போயின. ஒவ்வொன்றாக நாலு மூடிகளுக்கு இடம் கிடைத்தது. மிஞ்சியது ஒன்று. அது நடுவில் மூன்றாவது இடத்தில்தான் உட்கார வேண்டும், வேறு போக்கில்லை. பூட்டினாள். நகம் தட்டியது. திருப்பிப் போட்டாள், இன்னும் மோசம். மற்ற நாலையும் கழற்றி முதலிலிருந்து பார்த்தாள். அவை அப்படியே சரியாக இருந்தன. மூன்றாவது மட்டும் வீம்பு பிடித்தது.

ஸ்பேனர், அதன் பின்னால் இன்னொரு ஸ்பேனர், கடைசியில் எண்ணெய்த் துணிகூடப் பறந்தது. அப்போது பார்த்துத்தான் தம்பி வாசலில் தலையை நீட்டி, "என்னக்கா, முடிவு பண்ணியாச்சா?" என்று கேட்டான்.

"என்னமோ பண்ணித் தொலைங்க! அறுங்க, ஒட்டுங்க, ஆத்துல தள்ளுங்க. எனக்கென்ன வந்துது!"

வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அவள் பட்டறைக்கு வந்தபோது, தம்பி அறுக்கும் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு காரின் முன்னால் நின்றான். அவன் பக்கத்திலும் நியாயம் உண்டு, அக்காவே சொல்லியாயிற்று. அவனுக்கும் காருக்கும் நடுவில் பெயின்டர் நின்றார். மெஷினின் பிளக் அவர் கையில் இருந்தது. அவள் போட்ட தடையை மறந்து, கோட்டைத் தாண்டி இரண்டு அடி உள்ளே நின்றார்.

"மாமா, அக்கா சொன்னது உங்க காதுலயும்தானே விழுந்துச்சு."

"விழுந்துச்சு. அவ கோபத்துல பேசறதை எல்லாம் செஞ்சிருந்தா நான் செத்துப் பத்து வருஷம் ஆகிருக்கும். வை அதைக் கீழ."

இதற்காவது அவள் முகம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? கோட்டைத் தாண்டாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

பெயின்டர் காலைப் பின்னால் எடுத்து வைத்தார். கோட்டுக்கு அப்பால் போனதும் கொஞ்சம் தைரியம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு விஷயம். அந்த அஞ்சுல ஒண்ணு கம்பியிலேர்ந்து நழுவி, எண்ணெய் உறிஞ்ச வெச்சிருக்கிற உமிக் குவியல்ல விழுந்துச்சு. பெயின்ட் ஈரம். உமி ஒட்டிக்கிச்சு. துடைச்சுட்டு அதுக்கு மட்டும் மூணாவது கோட்டிங் அடிச்சேன். ஊசித் துளைக்குள்ள வழிஞ்சு இறுகிருக்கும். தின்னர் அவ்வளவு உள்ள போகாது."

மூடி இம்மி பிசகாமல் உட்காருவதற்கு, அதன் அடியில் சிறிய ஊசி போன்ற இரும்பு நுழையும் துளை இரண்டு உண்டு. அவள் மூன்றாவது மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு துளையின் அடியில் வெள்ளி உறைந்து கிடந்தது. அதில் ஒரு உமியும் இருந்தது.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? வாய்ல என்ன கொழுக்கட்டையா? எத்தனை நாளா இங்க முட்டிக்கிட்டுக் கிடக்கேன்!"

"நீ திட்டுவியேன்னுதான்..."

"இப்ப மட்டும் கொஞ்சறேனா?"

இந்த முறை பறந்த ஸ்பேனர்தான் மிகப் பெரியது. அதுவும் டயருக்குள்ளேயே விழுந்தது. தம்பியைப் பார்த்து, "நீ உன் டிபன் டப்பாவைத் தள்ளிக்கிட்டுக் கிளம்பு" என்றாள். அவன் தள்ளிக்கொண்டு கிளம்பினான்.

துளையைச் சுத்தம் செய்து மூடியைப் பூட்டியபோது நகம் எங்கேயும் தட்டவில்லை. அதற்குப் பிறகு அவள் அவசரப்படவில்லை. பேரிங்குகளை எண்ணெயில் நனைத்து வைத்தாள். தண்டைக் குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல் இறக்கினாள். ஐந்து மூடிகளையும் வரிசையாக, ஒரே இறுக்கத்தில் முடுக்கினாள். கடைசியில் தண்டின் நுனியில் ஒற்றை விரலை வைத்துத் தள்ளினாள். இத்தனை கனமான இரும்பு சத்தமே இல்லாமல் ஒரு சுற்று சுற்றி, இன்னும் கொஞ்சம் போய், நின்றது. இன்னொரு முறை தள்ளினாள். கண் ஓரத்தைச் சட்டைக் கையால் துடைத்ததில் கன்னத்தில் கறை படிந்தது. "சனியன், தின்னர் நெடி" என்றாள்.

கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெயின்டர் எட்டிப் பார்த்தார். கேட்கப் பயம்.

அவள் எழுந்து மஞ்சள் கோட்டைத் தாண்டி அவர் பக்கம் போனாள். அவருடைய ஒடுக்கு எடுக்கும் சாமான் பெட்டியைத் திறந்து, புள்ளி அடிக்கும் பஞ்ச் உளியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். உளியின் கூர்முனையை முதல் மூடியின் விளிம்பில் வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெட்டுக்குத்தாகப் பிடித்தாள். சுத்தியலைப் பின்பக்கமாக நீட்டினாள்.

"ஏங்க."

பெயின்டர் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கோட்டை அப்புறம் அளந்துக்கலாம், வாங்க. முதல் மூடிக்கு ஒரு புள்ளி. கை நடுங்காம அடிங்க. என் விரல்ல மட்டும் பட்டுச்சு..."

அவர் சுத்தியலை வாங்கி ஓங்கினார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல்களைக் கொஞ்சம்கூடத் தளர்த்தாமல் மூடியையே பார்த்தபடி குனிந்திருந்தாள்.