நேராக நின்ற கம்பிகள்

இலங்கையில் நிவித்திகலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலேயுள்ள மலை சரிகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். மண் நகர்ந்தால் சாய்ந்து காட்டும்படி சரிவில் இரும்புக் கம்பிகளை நட்டிருந்தேன். மாதாமாதம் போய்ப் பார்த்தேன். எல்லாம் நேராகவே நின்றன. ஆபத்தில்லை என்று அறிக்கை எழுதவும் தொடங்கிவிட்டேன்.

கடைசியாகப் போன அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. லயத்தில் குடியிருந்த செல்லம்மாக்கா கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்.

"ஒங்க கம்பிங்க சும்மா சும்மா சாஞ்சிருதுங்க சார். பாத்தா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு நான்தான் நிமித்தி நிமித்தி வைக்கிறேன்."

"எந்தப் பக்கம் சாயுது?"

"எல்லாமே இந்த லயத்துப் பக்கந்தாங்க."

தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. அன்றே லயத்து ஆட்கள் எல்லாரையும் கீழேயிருந்த கோயிலுக்கு இறக்கினோம்.

மலை அன்று விழவில்லை. இப்போதும் மழை இருட்டினால், நேராக நின்ற அந்தக் கம்பிகளை நினைத்துத்தான் எனக்குப் பயம்.