பிலோமினம்மாளின் முறை

ஆங் மோ கியோ அடுக்குமாடியில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் பிலோமினம்மாள். அவருக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கல்யாணம் ஆகாதவர். சிராங்கூன் ரோட்டில் மசாலா அரைக்கும் கடையில் வேலை பார்த்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவருடைய மாதா கோயிலைச் சேர்ந்த வட்டாரமான பங்கில் ஒரு சபை தொடங்கினார்கள். படுக்கையில் விழுந்த உறுப்பினரை மற்றவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று நீ செய், நாளை உனக்குச் செய்வோம் என்பதுதான் ஏற்பாடு. முறைக்குப் போகிறவர் கழுத்தில் நீல நாடா போட்டுக்கொண்டு, குளிப்பாட்டித் துவட்டச் சொந்தப் பேசினும் துண்டும் எடுத்துப் போவார். போன வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

அல்போன்சம்மாள் என்கிற உறுப்பினர் பக்கவாதத்தில் விழுந்தார். அவர் மகள் ஆனிக்கு டிவி தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வருஷக்கணக்கில் அந்த அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளி, குளிப்பாட்டி, தலை துவட்டிவிட்டவர் பிலோமினம்மாள்தான். "நீங்க படுத்தா நான் இருக்கேன் ஆன்ட்டி" என்று ஆனி தன் தாயின் சவப்பெட்டிமேல் கை வைத்துச் சொன்னாளாம்.

அதை இவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பினாங்கிலிருந்து தம்பி வந்து, கடைசி காலத்துக்குத் தன்னோடு வந்துவிடு என்று கெஞ்சினான். "எனக்கென்னடா கவலை, முறை இருக்கு" என்று அனுப்பிவிட்டார். இன்ஷூரன்ஸ் என்றால் அவருக்கு அதுதான்.

எழுபத்தைந்தாம் வருஷம், அவர் குடியிருந்த பழைய கடைவீட்டை இடித்தபோது இங்கே ஓரறை வீடு கிடைத்தது. அப்போதும் பேசினோடு பஸ் ஏறி முறைக்குப் போவார். "எங்கக்கா, மீன் பிடிக்கவா?" என்று கேலி செய்வேன். "எனக்கு நானே பாய் விரிச்சு வைக்கிறேன்லா கண்மணி" என்பார்.

எண்பத்திரண்டாம் வருஷம் அவருக்கே வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு லேசாகக் குழறியது. புத்தி மட்டும் கத்தி மாதிரி இருந்தது. சபைத் தலைவர் சிலுவைராஜுக்கு நான்தான் போன் போட்டேன்.

"அவங்க இப்ப வேற பங்கு எல்லைலா. ரூல் அப்படி. ஜெபத்துல நினைச்சுக்கிறோம்" என்றார்.

ஏழு வருஷம் எல்லை தாண்டிப் போய் இவர் உழைத்தபோது அந்த ரூல் எங்கே போயிருந்ததோ!

ஆனியிடமும் பேசினேன். "ரெண்டு பஸ் மாறணும் அக்கா. நெக்ஸ்ட் வீக் பாக்கிறேன்" என்றாள். அந்த நெக்ஸ்ட் வீக் வரவே இல்லை. என் வீட்டு வேலைக்கு நடுவே நானே ஓடி ஓடிப் பார்த்தேன். அவரோ தினமும் காலையில் பேசினைக் கழுவி வாசலருகே வைக்கச் சொல்வார். "இன்னிக்கு யாராச்சும் வருவாங்க."

ஒரு வருஷம் போனது. திடீரென்று சிலுவைராஜ் போன் செய்தார். முதியோர் பராமரிப்புக்கு அரசாங்கம் ஏதோ திட்டம் யோசிக்கிறதாம். சபை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆபீசர்கள் வருகிறார்களாம். அந்த நேரத்தில் சபையில் படுக்கையில் இருந்தவர் இவர் ஒருவர்தான். அன்றைக்கு எல்லை கண்ணுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை நீல நாடாக்கள் வந்து வீடு நிறைந்தது. பிலோமினம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "வந்துட்டாங்க பாத்தியா? நான் சொல்லல?" என்றார். ஆனி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, உடை மாற்றிப் படுக்க வைத்தாள்.

ஆபீசர்கள் உள்ளே வந்தார்கள். "முதல் நாளிலேர்ந்து வாரம் ரெண்டு முறை தவறாம வர்றோம் சார்" என்றார் சிலுவைராஜ், கூசாமல். பிலோமினம்மாள் முகம் அப்படியே அணைந்துவிட்டது.

தமிழ் பேசும் ஆபீசர் ஒருவர் குனிந்து, "அம்மா, உங்களை யார் பாத்துக்கிறாங்க?" என்று கேட்டார்.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஆனியின் முகத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவங்கள்லாம் யாரு கண்மணி?"

"மறதி சார். ஸ்ட்ரோக் வந்ததிலேர்ந்து ஆளே தெரியல, பாவம்" என்றார் சிலுவைராஜ். ஆனி தலையாட்டினாள்.

"பொய் சார்! ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல" என்று கத்தினேன்.

"நெய்பர் சார். சபை ஆளு இல்ல, இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சிலுவைராஜ் ஆபீசரின் முதுகைத் தொட்டு வெளியே கூட்டிப்போனார். கோயில் ஹாலில் டீ தயாராம். எல்லாரும் பின்னாலேயே போனார்கள்.

நான் ஆத்திரத்தில் அழுதுகொண்டு நின்றேன். பிலோமினம்மாள் இடது கையால் தலையணையைத் தடவினார். அது நனைந்திருந்தது.

"ஆனி தலையைத் துவட்டாமப் போயிட்டா. அவ அம்மாவுக்கு ஒரு நாளும் நான் அப்படி விட்டதில்ல. நீ துவட்டு கண்மணி" என்றார்.