அக்கா பேசாமல் நின்ற புல்வெளி

நடுவர் ஒலிபெருக்கியில் "தாங் யூ" என்று சொன்னதும், அக்கா புல்வெளியின் நடுவில் நின்றபடி கையை உயர்த்தி, அதைவிடப் பெரிய குரலில் "யூ ஆர் வெல்கம்" என்றாள். பிறகு திரும்பி நாயை இன்னும் உரக்க ஏவத் தொடங்கினாள். செம்மறிகள் அதற்குள் மூலைக்கொன்றாகச் சிதறிவிட்டன. ஒன்று பார்க்க வந்தவர்களின் கார்களுக்கு இடையில் புகுந்து நின்றது. வேலியோரம் என் பக்கத்தில் நின்றவர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அவர்தான் எனக்கு விளக்கினார்: ஆடு மேய்க்கும் நாய்களுக்கான இந்தப் போட்டியில் நடுவர் நன்றி சொன்னால், உங்கள் ஆட்டம் முடிந்தது, நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள் என்று பொருளாம். கடைசியில் நான்தான் உள்ளே போய் அக்காவை அழைத்து வந்தேன். அந்த மனுசன் இப்போதுதானே தன்னைப் பாராட்டினார், பிறகு எதற்கு வெளியே வரச் சொல்கிறாய் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அக்கா விட்பியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். எங்கள் குடும்பத்தில் கனடாவுக்கு முதலில் வந்தவள் அவள்தான். மற்றவர்களை ஒவ்வொருவராக ஸ்பொன்சர் பண்ணி எடுத்தவளும் அவளே. நான் எதைப் படிப்பது, எந்தக் குளிருக்கு எந்தச் சப்பாத்துப் போடுவது, யாரைக் கட்டுவது என்பதையெல்லாம் அவள் சொன்னாள், நான் கேட்டேன். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவே இருந்தது. எதிர்த்துப் பேச முடியாமல் போனதும் அதனால்தான். பஸ்ஸின் கடைசி இருக்கையில் ஒரு பிள்ளை பெல்ட்டைக் கழற்றினால், கண்ணாடியில் பார்த்து அவள் போடும் ஒரு சத்தத்தில் பஸ் முழுவதும் அடங்கிவிடும். குரலால் எதையும் நேராக்கலாம் என்று அவள் நம்பியதில் வியப்பில்லை.

ஒரே மகள் வேலை கிடைத்து வன்கூவருக்குப் போனபின் அந்தக் குரலுக்கு வீட்டில் வேலை குறைந்தது. அப்போதுதான் றிச்மண்ட் ஹில்லில் தெரிந்த குடும்பமொன்று தங்களால் வளர்க்க முடியவில்லை என்று போர்டர் கொலி என்ற மேய்ப்பு இன நாய் ஒன்றைக் கொடுத்தது. கறுப்பும் வெள்ளையுமாக, ஓரிடத்தில் நிற்காத பெட்டை. அக்கா அதற்குச் சுட்டி என்று பெயர் வைத்தாள். வந்த கிழமையே அது தெருவில் விளையாடிய பிள்ளைகளை வளைத்துக் கொண்டுபோய் ஒரு கராஜ் வாசலில் நிறுத்தி வைத்தது. பிறகு உடற்பயிற்சிக்காகத் தெருவில் ஓடியவர் ஒருவரின் காற்சட்டைக் கரையைக் கவ்வியது. அயலவர்கள் வந்து முறையிட்டார்கள். "உது நாயில்லை, ட்ராபிக் பொலிஸ்" என்றார் அத்தான். திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். இதற்குச் செய்ய வேலை இல்லை, அதுதான் வருத்தம் என்று அக்கா சொன்னாள். அதை அவள் நாயைப் பற்றித்தான் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

விட்பிக்கு வடக்கே செம்மறி வளர்க்கும் ஒரு பெண்மணியிடம் அக்காவும் சுட்டியும் பழகப் போனார்கள். அக்காவின் வயதுதான், அதிகம் பேசாதவர். நான் ஞாயிறு தோறும் மிசிசாகாவிலிருந்து காரில் போய்ப் படலை திறந்து மூடும் வேலையைப் பார்த்தேன். சுட்டி ஆடுகளை முதலில் கண்ட நாளை மறக்க முடியாது. அதுவரை அலைந்துகொண்டிருந்த நாய் தலையைத் தாழ்த்தி, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே உறைந்து நின்றது. தான் எதற்குப் பிறந்தோம் என்று அதற்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது போலிருந்தது. அக்காவுக்குக் கண் கலங்கியது. உடனே நாலு கட்டளையை ஒரே மூச்சில் கத்தினாள், ஆடுகள் வேலியை உடைக்கப் பார்த்தன.

அப்படிக் கத்திக் கத்திப் பழகித்தான் அந்த முதல் போட்டிக்குப் போய் நடுவரிடம் நன்றி வாங்கினோம். அன்று பண்ணைப் பெண்மணி அக்காவைத் தனியாக அழைத்து, சுட்டி நல்ல வேலைக்கார நாய், பெரிய பண்ணை வைத்திருக்கும் ஒருவர் அதைக் கேட்கிறார், அங்கே சந்தோசமாக இருக்கும் என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இன்னொன்றும் சொன்னாராம்: நீ கத்தினால் அது ஆட்டைப் பார்க்காமல் உன்னைத்தான் பார்க்கிறது. திரும்பும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிய அக்கா, சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒருக்காப் போட்டியில இறக்கிப் பாப்பம். அப்பவும் என்னோட சரிவராட்டி, நானே கொண்டுபோய் விடுவன்" என்றாள்.

அந்தக் கோடை முழுவதும் அவள் பேசாமல் இருக்கப் பழகினாள். அதைப் பார்ப்பதே ஒரு கூத்து. வாயில் ஒரு மிடறு தண்ணீரை வைத்துக்கொண்டு புல்வெளியில் இறங்குவாள். கத்த வந்தால் தண்ணீர் சட்டையில் சிந்தும். முதல் நாட்களில் நனைந்து போய்த்தான் வீட்டுக்கு வருவாள், அத்தான் துவாயோடு வாசலில் நிற்பார். கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டை காயத் தொடங்கியது. தான் சொல்லாமலே சுட்டி எத்தனையோ விடயங்களைச் சரியாகச் செய்கிறது என்று ஒருநாள் அவள் எனக்குச் சொன்னாள், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

இலையுதிர்காலப் போட்டியில் மெல்லிய தூறல். அக்கா, நாயை ஏவுபவர் நிற்கவேண்டிய கம்பத்தடியில் நின்று ஒரு சொல் சொன்னாள். சுட்டி வலப்பக்கமாகப் பெரிய வட்டம் அடித்து ஆடுகளின் பின்னால் போய்ச் சேர்ந்தது. கோணல்மாணலாகத்தான் கொண்டுவந்தது, ஆனாலும் கொண்டுவந்தது. கடைசி வேலை ஆடுகளைப் பட்டியில் அடைப்பது. அக்கா ஒரு கையில் படலைக் கயிற்றைப் பிடித்திருக்க, கறுத்த முகமுள்ள ஒரு மறியாடு பட்டி வாசலில் நின்று சுட்டியைப் பார்த்துக் காலால் நிலத்தை உதைத்தது. மற்றவை அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. நேரம் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் உதடுகள் அசைவது எனக்குத் தெரிந்தது. கத்தப் போகிறாள் என்று நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். அவள் கத்தவில்லை. கயிற்றைத் தளரவிட்டு அரை அடி பின்னால் வைத்தாள். சுட்டி யாரும் சொல்லாமலே மெதுவாகப் படுத்தது. மறி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு ஏதோ தானாக முடிவு செய்தது போல் திரும்பி உள்ளே நடந்தது. மற்றவை பின்னால் போயின. அக்கா படலையைச் சாத்தினாள்.

"காணும் பிள்ளை, வா" என்று வேலை முடிந்த சுட்டியைக் கூப்பிட்டாள். அவ்வளவு மெல்லிய குரலை நான் அவளிடம் கேட்டதில்லை.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை, பட்டியலின் நடுவில் எங்கேயோ வந்தார்கள். ஆனால் ஆடுகளை அடைத்துவிட்டார்கள். பண்ணைப் பெண்மணி வந்து, அந்தப் பெரிய பண்ணைக்காரரிடம் தானே இல்லை என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். அக்கா அவரைக் கட்டிப்பிடித்தபடி சேற்றில் நின்று அழுதும் சிரித்தும் ஒரு வழியாகிவிட்டாள். சுட்டிக்கு இப்போது வாய்க்கரை நரைத்துவிட்டது. அடுத்த நிலைப் போட்டிகளில் பரிசாக ஒரு சிவப்பு றிபன்கூட வாங்கியிருக்கிறது. படலை திறப்பது இன்னமும் நான்தான்.

எனக்கு மனதில் நிற்பது அன்று திரும்பி வந்த பயணம். அக்கா என் காரில் ஏறினால் எப்போதும் முன்னிருக்கைதான்; எந்த லேனில் போவது, எங்கே திரும்புவது எல்லாம் அவளே சொல்லுவாள். அன்று நனைந்த நாயோடு பின்னால் ஏறிக்கொண்டாள். நெடுஞ்சாலைக்குத் திரும்பும் இடத்தில் வழி கேட்கலாமென்று கண்ணாடியில் பார்த்தேன். சுட்டியின் தலை அவள் மடியில். அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் நெடுஞ்சாலையில் ஏறவில்லை. பண்ணைகளுக்கு ஊடாகப் போகும் நீண்ட தெருவைப் பிடித்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.