கடலைத்தோலும் மிளகாயும்

நிலக்கடலைத் தோலை அழுத்திச் செய்த கட்டைகளைப் புகையில்லாமல் எரிக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. கட்டையில் ஈரமிருந்தால் அதை உலர்த்தவே சூடு செலவாகும். தீ மந்தமாகி, அரைகுறையாய் எரிந்ததெல்லாம் புகையாக வரும். ஆம்பூரில் எங்கள் மொட்டைமாடியில் நான் அடுப்பு மூட்டினாலே கீழ்வீட்டு ஷமீமா அக்கா கத்துவார்: "இன்னாம்மா பேஜாரு இது! துணியெல்லாம் பொக நாத்தம்!"

மறுநாள் பேராசிரியர் முன்னால் எரித்துக் காட்ட வேண்டும். கட்டைகளை மாடியில் காயவைத்துவிட்டு வேலூருக்குப் போயிருந்தேன். திரும்பும்போது மழை கொட்டியது. நனைந்த கட்டை தூளாக உதிர்ந்துவிடும். அழுதுகொண்டே மாடியேறினேன்.

அங்கே அக்கா காயப்போட்டிருந்த மிளகாய் தண்ணீரில் மிதந்தது. என் கட்டைகளைக் காணோம். கீழே ஓடினேன். அவர் கட்டிலில், போர்வைக்கு அடியில், நனையாமல் இருந்தன.

"அக்கா, உங்க மொளகா?"

"ரெண்டையும் எடுக்க ஏது நேரம்? மொளகா கடையில கெடைக்கும். இது கெடைக்குமா?"

மறுநாள் தீ தெளிவாக எரிந்தது. முதலில் அக்காவுக்குத்தான் போன் செய்தேன்.

"பொகையே வர்லக்கா!"

"அப்ப துணி காயப்போடலாமா?"

இப்போதெல்லாம் அவருடைய துணிகளை நானே எடுத்து மடித்துவைத்த பிறகுதான் தீக்குச்சியை உரசுகிறேன். அதற்கு முன் ஒருநாளும் அது எனக்குத் தோன்றியதில்லை.