இடது காலுக்கு ஒரு சிப்பம் அரிசி

டங், டங், டங். சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. அரிசி டின் காலி என்பதைக் கற்பகம் படியால் தட்டித்தான் அறிவிப்பாள். அடுத்த தெருவுக்கும் சேர்த்து.

தறிக்கூடத்தில் தனகோடி பதினொன்றாவது எண்ணிக்கையில் இருந்தார். முதுகில் இருபத்தாறு கிலோ பொன்னி அரிசிச் சிப்பம், பழைய துண்டால் மார்போடு இறுக்கிக் கட்டியிருந்தது. தறிக்குழியின் விளிம்பில் இடது முன்பாதம் மட்டும் ஊன்றியிருக்க, குதிகால் மெல்லக் குழிக்குள் இறங்கியது. மூன்று எண்ணும்வரை இறக்கம்; மூன்று எண்ணும்வரை ஏற்றம். பனியனைத் தாண்டி வியர்வை சிப்பத்துக்கும் இறங்கியிருந்தது.

"ஏங்க, அந்த மூட்டைய எறக்கி வெச்சா ரெண்டு படி எடுத்துப்பேன். ஒலை கொதிச்சுகினு கீது."

"பன்னெண்டு... எடை கொறைஞ்சுடும்மா... கடையில ஒரு கிலோ வாங்கிக்கோ... பதிமூணு..."

"வூட்டு அரிசிய முதுவுல கட்டிகினு, பொண்டாட்டிய அரிசி வாங்கக் கடைக்கு அனுப்புற ஒரே ஆம்பள நீங்கதான்."

அதில் நியாயம் இருந்தது. ஆனால் தனகோடியிடமும் ஒரு கணக்கு இருந்தது. பத்து கிலோவில் தொடங்கி வாரம் இரண்டு கிலோ ஏற்ற வேண்டும் என்பது பிசியோதெரபிஸ்டின் உத்தரவு. முதல் இரண்டு வாரங்கள் ஒரு பையில் அரிசியை அளந்து போட்டுத் தூக்கினார். தூக்கி முடித்த அரிசியை வீடு தின்றது. மூன்றாம் வாரம் நிறுத்துப் பார்த்தால் எட்டு கிலோதான் இருந்தது. "ரெண்டு ஏத்தச் சொன்னாங்க, நாலு சாப்ட்டுட்டோம். உலகத்துலயே எக்சர்சைஸ சோறாக்கித் துன்னவன் நான் ஒருத்தன்தான்" என்று அவரே தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து, உடற்பயிற்சி அரிசியில் யாரும் கை வைக்கக் கூடாதென்று வீட்டில் சட்டம் ஆனது.

நாற்பத்தொன்பது வயது. பதினான்கு வயதில் தறிக்குழியில் கால் வைத்தவர். குட்டை உருவம், முன்னே வளைந்த தோள், ஒட்டிய கன்னம். பெண் பார்க்க வந்தபோதே இப்படித்தான் இருந்தார் என்று கற்பகம் சத்தியம் செய்வாள். எட்டு ஆண்டுகளுக்கு முன் ரத்தத்தில் சர்க்கரை என்று சீட்டு வந்தது. மறுநாள் விடியலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போளூர் சாலையில் ஓடினார். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் வந்தார். "ஆட்டோக்காரன் பாவம், பதறிட்டான். 'யாரு சார் தொரத்துறாங்க, ஸ்டேசனுக்கு வுடட்டுமா'ன்னு கேட்டான். சக்கரை தொரத்துதுப்பான்னேன். காசு வாங்கிக்கல."

அந்த மனிதர் இன்று பதினொரு அரை மாரத்தான் முடித்திருக்கிறார். ஒவ்வொன்றும் இருபத்தொரு கிலோமீட்டர். பதினொரு பதக்கங்களும் தறிக்கு மேலே பூ வேலைக்கான ஜக்கார்டு பெட்டியின் சட்டத்தில் தொங்குகின்றன. மிதியை அழுத்தும்போதெல்லாம் அவை கலகலக்கும். போனில் பேசுகிற சேலை வியாபாரிகள், "கோயில்லயா கீறீங்க? அப்புறமா பேசறேன்" என்று பயபக்தியோடு வைத்துவிடுவார்கள். பதினொன்றிலும் அவர் கடைசி, அல்லது கடைசிக்கு முந்தியவர். அதிலும் அவருக்குக் குறையில்லை. "மொதல்ல ஓடுறவன் தனியா ஓடறான். எம் பின்னாடி ஆம்புலன்ஸ் வருது, போலீஸ் வருது, தண்ணி லாரி வருது. மந்திரிக்குக் கூட இவ்ளோ வண்டி வராது."

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவர் அவர். கூட்டாகத் தொடங்கிய பட்டுக்கடையிலிருந்து பாதியில் விலகியவர். "ஓட்டத்துலயும் பாதி. பாதிச் சேலைய நெய்ஞ்சு குடுத்தா எவனாவது மெடல் போடுவானா? முந்தானை வந்தாத்தான சேலை?" அடுத்த மாதம் படவேட்டில் தொடங்கி ஜவ்வாது மலையடிவாரத்தைச் சுற்றி வரும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். அதே வாரம் அவருக்கு ஐம்பது முடிகிறது. பணம் கட்டிப் பெயரும் கொடுத்துவிட்டார். பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் மைத்துனன் பாலு, அவர் மலையுச்சியில் கைகளை விரித்து நிற்பதுபோல ஒரு பேனரே அடித்து வைத்துவிட்டான். படத்தில் முகம் மட்டும்தான் அவருடையது, உடம்பு யாருடையதோ. "அந்த உடம்புக்காரன் ஓடினா நல்லா ஓடுவான்" என்பது தனகோடியின் கருத்து.

நடுவில்தான் குதிகால் வந்து நின்றது. இடது குதிகாலுக்கு மேலே, கெண்டைக்காலிலிருந்து இறங்கும் தடித்த நரம்பில் வலி. படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடி, ஆணியின் மேல் வைத்த மாதிரி இருக்கும். ஷூவை மாற்றினார். எண்ணெய் தேய்த்தார். பத்து நாள் ஓடாமல் இருந்து பார்த்தார், வலி போனது. பதினொன்றாம் நாள் ஓடினார். வலி ஓடி வந்து சேர்ந்துகொண்டது. கடைசியில் பிசியோதெரபிஸ்ட் கனிமொழியிடம் போனார்.

கனிமொழிக்குச் சந்தவாசல். ஆரணியில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. முப்பது வயதுகூட ஆகாத பெண்; ஆனால் இவர் சொல்லும் எந்த நகைச்சுவைக்கும் சிரிக்காத ஒரே ஆள். முதல் நாளே கேட்டாள்: "காலுக்கு பலம் வர்ற மாதிரி எதனா பண்றீங்களாண்ணா?"

"இன்னா டாக்டரம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! ஒரு நாளைக்கு ஆறாயிரம் தபா தறி மிதிக்கிறேன். எந்த ஜிம்முல இவ்ளோ மிதிப்பான்?"

"எந்தக் கால்ல?"

தனகோடி குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். அவருடைய தறியில் மிதி ஒன்றுதான். அதை முப்பத்தைந்து ஆண்டுகளாக மிதிப்பது வலது கால். இடது கால் அவ்வளவு காலமும் குழிக்குள், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா அமர்ந்திருந்தது. கனிமொழி டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தாள். இடது இரண்டு சென்டிமீட்டர் சிறுத்திருந்தது.

"ஓடும்போது ரெண்டு காலும் ஒரே வேலை செய்யணும்ணா. இது ஏமாந்த கால். ஓய்வு குடுத்தா வலி போகும், பலம் வராது. கொஞ்சம் கொஞ்சமா எடை வெச்சாத்தான் அந்த நரம்பு தடிக்கும். நான் எழுதிக் குடுக்கிறதை மட்டும் பண்ணுங்க."

மட்டும் என்ற சொல் தனகோடியின் காதில் ஏறவில்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். ஆறாயிரம் மிதி வலது காலை வளர்த்தது என்றால், அதே ஆறாயிரத்தை இடது காலுக்கு மாற்றிவிட்டால் போதாதா? அரிசியும் மிச்சம், நேரமும் மிச்சம். மறுநாளே மிதிக்கட்டையை இடது பக்கம் நகர்த்திக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு நாள் மிதித்தார். ஐந்தாம் நாள் குதிகால் பணியாரம்போல வீங்கியது. அதைவிடப் பெரிய அவமானம் சேலையில் தெரிந்தது. பழக்கமில்லாத கால் மிதியை முழுசாக அழுத்தாததால் நீளவாட்டில் ஓடும் பாவு இழைகள் சரியாக எழும்பவில்லை. கரையில் வரிசையாகப் போன மயில்களில் ஒன்பதுக்கு ஒரு கால் குட்டை.

கற்பகம் கரையைக் கையில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "நீங்க நொண்டுறது பத்தாதா? மயிலு இன்னாங்க பாவம் பண்ணுச்சு?"

இந்த இடத்தில் தனகோடியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். விழுந்தது வியர்வைதான். மயில்களைப் பிரித்து மறுபடி நெய்ய இரண்டு நாள் ஆனது. அதன்பிறகுதான் மனிதர் அடங்கினார். மிதி வலது பக்கம் திரும்பியது. அரிசி முதுகில் ஏறியது. வாரம் தவறாமல், கனிமொழி எழுதிக் கொடுத்தபடி ஒன்பது வாரங்கள்.

இன்று பரீட்சை. பத்து மணிக்குக் கனிமொழியே ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்துவிட்டாள். தறிக்கூடத்துக்குள் வந்தவள் சிப்பத்தோடு நின்றவரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"இன்னிக்கு டெஸ்டுன்னு சொன்னேன் இல்ல? எதுக்கு மூட்டை தூக்கினீங்க?"

"பரிச்சைக்கு முன்னாடி ஒரு தபா புக்கப் பொரட்டினேன் டாக்டரம்மா."

அவள் சிரிக்கவில்லை. தரையில் வெறுங்காலோடு நிற்கச் சொன்னாள். இடது கால் மட்டும். ஒரு விரலால் தறிக் கம்பத்தைத் தொட்டுக்கொள்ளலாம். இருபத்தைந்து முறை குதிகாலை உயர்த்த வேண்டும். பிறகு அதே காலில் பத்து குதி. பிறகு ஒரு கேள்வி. வலி பத்துக்கு மூன்று அல்லது அதற்குக் கீழே என்றால் நாற்பத்திரண்டு ஓடலாம். மேலே போனால் இல்லை.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கற்பகம் வாசற்படியில் வந்து நின்றாள். தனகோடி தொடங்கினார். பத்தொன்பதில் கெண்டைக்கால் துடித்தது. இருபத்திரண்டில் தாடை இறுகியது. இருபத்தைந்து வந்தபோது, கனிமொழியின் முகத்தில்கூட ஏதோ அசைந்தது. ஒன்பது வாரத்துக்கு முன் இதே கால் ஆறில் நின்றுபோனது. பத்து குதியையும் குதித்து முடித்தார்.

"வலி எவ்ளோண்ணா?"

"நீங்களே பாத்து ஒரு ரேட்டு போடுங்களேன்."

"உங்க காலு. நீங்கதான் சொல்லணும்."

"ரெண்டு."

கனிமொழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை வியாபாரிகள் அப்படிப் பார்க்கும்போது விலையை இறக்கித்தான் அவருக்குப் பழக்கம். ஏற்றிப் பழக்கமில்லை.

"சரி, ரெண்டரை."

கனிமொழி கண்ணை எடுக்கவில்லை.

"மூணு. முடிச்சுக்கலாம். அதுக்கு மேல கட்டாது டாக்டரம்மா."

"காலையில எழுந்து வெச்ச மொத அடி?"

"அத எதுக்கு இதோட சேத்துகினு? அது வேற அயிட்டம்."

கனிமொழி கற்பகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கற்பகம் அவரைப் பார்த்தாள். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் கொல்லைப்பக்கம் போனது கணவன் மனைவி இருவருக்கு மட்டுமே தெரியும். அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றாள். அதுதான் அவரைப் பேஜார் பண்ணியது. அவள் திட்டியிருந்தால் ஒரு ஜோக் சொல்லித் தப்பித்திருப்பார்.

"ஆறு" என்றார் தனகோடி. "காலையில ஆறு. குதிச்சப்போ அஞ்சு."

கனிமொழி டேப்பை எடுத்து இடது கெண்டைக்காலை மறுபடி அளந்தாள்.

"நாப்பத்திரெண்டு வாணாம்ணா" என்றாள் கனிமொழி. குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. "இப்ப அவ்ளோ தூரம் ஓடி அந்த நரம்பு அறுந்துச்சுன்னா, அப்புறம் ஓட்டம் மட்டும் இல்ல, மாசக்கணக்குல கட்டு போட்டுப் படுத்து தறியும் போயிடும். அன்னிக்கே பத்து கிலோமீட்டரும் வெச்சிருக்காங்க. அதுல மெதுவா ஓடுங்க. இதே வேலைய விடாம பண்ணுங்க. அடுத்த வருசம் நானே வந்து நிக்கிறேன்."

"அடுத்த வருசம் அம்பத்தொண்ணு."

"நரம்புக்கு வயசு தெரியாதுண்ணா. எடைதான் தெரியும்."

"பத்துல ஓடினா சின்னப் பசங்கல்லாம் தாத்தான்னு கூப்புடுவானுங்க."

"கூப்புடட்டும். நீங்கதான் கடைசியா வரப் போறீங்க, யாருக்குக் கேக்கப் போவுது?"

தனகோடி அவளை நிமிர்ந்து பார்த்தார். சொல்லிவிட்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இவரும் சிரிக்கப் பார்த்தார், பாதி வந்தது.

கற்பகம் மோர் கொடுத்தாள். கனிமொழி நின்றபடியே குடித்து, டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். வாசல்வரை தனகோடியும் நடந்தார். "ஜல்தியா போவாதம்மா, முக்குல ஜல்லி கொட்டி வெச்சிருக்கான்" என்றார். இத்தனை வாரத்தில் டாக்டரம்மா என்று சொல்லாமல் விட்டது அன்றுதான். ஸ்கூட்டர் தெரு திரும்பியது. எதிர் வீட்டு நெசவாளி சுதாகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவைக் கேட்க வாசலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான்.

தனகோடி அவனுக்காக நிற்காமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மேல் தாழ்ப்பாள் அவர் உயரத்துக்குக் கொஞ்சம் எட்டாது. எப்போதும் எம்பித்தான் போடுவார். கையை உயர்த்தி, இரண்டு குதிகாலையும் எழுப்பினார். பாதியில் இடது குதிகால் இழுத்தது, நிறுத்தினார். மெல்ல, மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு, குதிகால்களைத் தரையில் இறக்கினார். பிறகு குனிந்து, கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டார்.