ஊதுபத்தி காட்டிக்கொடுத்தது

வண்டியின் குணம் ஓடும்போது தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும் என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்களிடம் வேலை பார்த்த காதர் பாய். அது எழுபத்தாறில், செங்கம் ரோட்டில் என் வீட்டுக்காரர் மெக்கானிக் ஷெட் போட்ட வருஷம். ஆக்சிலேட்டரில் காலே வைக்காவிட்டாலும் எஞ்சின் ஒரே சீராக முனகிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு ஐடிலிங் என்று பேர். அது குதித்தாலோ நடுங்கினாலோ உள்ளே எங்கோ கோளாறு. அதைக் கண்டுபிடிக்க ஒருத்தர் எஞ்சினிடம் காது கொடுக்க வேண்டும், இன்னொருத்தர் சீட்டில் உட்கார்ந்து சொன்னபோது மிதிக்க வேண்டும், சொன்னபோது விட வேண்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான்தான் அந்த மிதிக்கிற ஆள். "கொஞ்சம் கை கொடு" என்று புருஷன் கூப்பிட்டு, போய் மாட்டிக்கொண்ட பெண்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் மிதி

முதல் நாள் ஓர் அம்பாசிடர். மண்டிக்காரர் ஒருவருடையது. என் வீட்டுக்காரரும் பாயும் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார்கள். நான் டிரைவர் சீட்டில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயிலுக்குப் போகிற பெண்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மிதி" என்று குரல் வந்தது. மிதித்தேன். "விடு" என்றார். எதை விடுவது என்று தெரியாமல் ஸ்டியரிங்கை விட்டேன். கால் அப்படியே இருந்தது. எஞ்சின் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் ஓடி வந்தார். "விடுடி! விடு!" என்று இவர் கத்தக் கத்த, பயத்தில் இன்னும் அழுத்தினேன். பாய்தான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகினார். மண்டிக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, நிறுத்தி வச்ச வண்டியிலயே மெட்ராஸ் போய்ட்டு வந்துட்டீங்களே!"

கார்பரேட்டரைக் காணோம்

இரண்டு வருஷம் கழித்து மார்த்தா அம்மா வந்தார்கள். ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா. நரைத்த முடி, எப்போதும் பருத்திப் புடவை. தன் ஊரிலிருந்து தரை வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்த பழைய கார் அவர்களுடையது. நிற்கும்போது அந்த எஞ்சின் மூச்சு வாங்கியது. ஏறும், இறங்கும், ஏறும், பட்டென்று அணையும்.

என் வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்பரேட்டரைத் தேடினார். 'தெரியாது' என்ற வார்த்தை அவர் வாயில் வராது. அரை மணி நேரம் தேடினார். காரில் அது இருந்தால்தானே! பெட்ரோலை ஊசி போடுகிற மாதிரி பீய்ச்சுகிற எஞ்சினாம் அது. எத்தனை காற்று போகிறதோ அதற்குத் தக்கபடி பெட்ரோலை அதுவே அளந்துகொள்ளுமாம். மார்த்தா அம்மா மண்ணில் குச்சியால் படம் போட்டுக் காட்டினார்கள். பாய் மட்டும் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஒரு துண்டு ரப்பர் குழாயை டாக்டர் மாதிரி காதில் வைத்துக்கொண்டு எஞ்சின் முழுக்கத் தேடினார். சுண்டு விரல் கனத்தில் ஒரு குழாய் வெடித்து, அந்த வெடிப்பு வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. புதுக் குழாயை அளவாக வெட்டி மாட்டினார். எஞ்சின் பசுமாடு அசை போடுகிற மாதிரி நின்றது. எங்களைப் பார்த்துப் பாய் சொன்னார்: "இந்த எஞ்சினுக்கு மூளை இருக்குண்ணே. நமக்குத்தான் கொஞ்சம் கம்மி."

ஆயுத பூஜை

அந்தக் கார் எங்கள் ஷெட்டிலேயே நின்றது. அடுத்த வாரம் மார்த்தா அம்மா அதில் பம்பாய்க்குக் கிளம்புவதாக இருந்தது. நடுவில் ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். வெளியே மட்டும் வைத்தால் சாமிக்குக் குறையோ என்று அந்தக் காரின் பானெட்டையும் திறந்து, துணியை உள்ளே விட்டுத் தேய்த்தேன். துணியோடு ஏதோ சிக்கி இழுத்தது. மெல்லிய குழாய் ஒன்று கையோடு வந்தது. பக்கத்தில் தெரிந்த இடத்தில் அழுத்திவிட்டு, சந்தனம் வைத்து மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சரியாகத்தான் மாட்டினோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஸ்டார்ட் செய்தால் பழைய மூச்சு வாங்கல். என் வீட்டுக்காரர் நேரே பாய் பக்கம் திரும்பினார். "என்னா பாய், டியூப் போட்ட லட்சணம் இதுதானா? வெள்ளைக்காரம்மா முன்னால என் மானம் போவுது." நான் சீட்டில்தான் இருந்தேன். வாயைத் திறந்தால் போதும். காலைத்தான் எடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. பாய் கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினார். "நான் போட்டது சரியாத்தாண்ணே இருக்கும். இல்லேன்னு உங்க மனசுக்குப் பட்டுட்டா, அப்புறம் இங்க நான் போட்டது எதுவுமே சரியா இருக்காது."

புகை போன வழி

மூன்று நாள் பாய் வரவில்லை. இவர் ஒருவராகவே கழற்றி மாட்டிப் பார்த்தார். தினமும் காலையில் ஷெட்டில் சாமி படத்துக்கும், நிற்கிற வண்டிகளுக்கும் ஊதுபத்தி காட்டுவது என் வழக்கம். பானெட் திறந்திருந்தால் பத்தியைப் பக்கத்தில் கொண்டு வரக் கூடாது, பெட்ரோல் சும்மா இருக்காது என்று பாய் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அதையும் மறந்தேன். எஞ்சினை ஓடவிட்டு இவர் ஏதோ எடுக்க வெளியே போயிருந்தார். நான் பத்தியைச் சுற்றினேன். மேலே போக வேண்டிய புகை மடங்கிக் கீழே போய், நான் வைத்த சந்தனப் பொட்டுக்குப் பின்னால் கயிறு மாதிரி நுழைந்தது. எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு வாய் திறந்து கிடந்தது. குழாயை நான் வேறொரு முனையில் செருகி வைத்திருந்தேன்.

பத்தியை மண்ணில் குத்தி அணைத்தேன். குழாயை எடுத்து அந்த வாயில் அழுத்தினேன். எஞ்சின் அமைதியானது. இவர் ஓடி வந்தார். "என்னா பண்ணின?" என்றார். அருணாசலேஸ்வரர் கோபுரம் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு, "சாமி கும்பிட்டேன்" என்றேன். பொய்யில்லை என்பதுதான் இன்றைக்கும் சுடுகிறது. சாயங்காலம் மார்த்தா அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தெரிந்த தமிழில் சொன்னார்கள்: "உங்க சாமி ரொம்ப நல்ல மெக்கானிக்!"

பாய் வீட்டு வாசல்

மறுநாள் நானே பாய் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் டீ கொடுத்தார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "வண்டி தானா சரியாயிடுச்சு பாய், அவரு உங்களை வரச் சொன்னாரு" என்றேன். இரண்டுமே பொய். பாய் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வண்டி தானா கெடும் அண்ணி. தானா சரியாவாது."

அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். பிறகு பத்து வருஷம் எங்களோடு இருந்தார். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் முதல் நாள் எல்லா எஞ்சினையும் அவரே துடைத்து வைப்பார். குங்குமக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, பானெட்டை மூடிவிட்டுச் சொல்வார்: "மேல வைங்க அண்ணி. சாமிக்கு அங்கேர்ந்தே தெரியும்."

இன்னும்

பாய் இப்போது வேலூரில் மகனோடு இருக்கிறார். ஷெட்டை மூடியாகிவிட்டது. என் பிள்ளைகள் ஊருக்கு வரும்போதெல்லாம் அவர்களை உட்கார வைத்து என் வீட்டுக்காரர் பழைய கதை பேசுவார். மார்த்தா அம்மா கார் கதை வராமல் இருக்காது. பாயை மெச்சித்தான் தொடங்குவார். கடைசியில் மட்டும் தவறாமல் ஒன்று சொல்வார்: "தங்கமான கை பாயோடது. அந்த ஒரு தடவைதான் பாவம், டியூப்பு சரியா போடல."

பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் வண்டியில் காற்று எங்கே கசிகிறது என்று தேடிய குடும்பத்தில், என் வாயை மட்டும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, பத்திரிகையெல்லாம் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். செங்கம் ரோட்டுப் பக்கம் வருகிறவர்கள் யாராவது, இதை மட்டும் அவருக்குக் கொஞ்சம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.