குப்பைப் பையில் போன பன்றிக் கொம்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு கண்காட்சி மண்டபத்தில் எனக்குப் பெட்டி பிரித்து அடுக்கும் வேலை. வெம்பிளியிலிருந்து ரயிலில் போய் வருவேன். ஒருநாள் ஜப்பானிலிருந்து வந்த மரப்பெட்டியைத் திறந்தால், நீளமான ஜபமாலை ஒன்று நூல் அறுந்து சிதறிக் கிடந்தது. கறுத்த விதைகள், அவற்றோடு எலும்புத் துண்டுகள், ஏதோ மிருகத்தின் தாடை, பன்றிக் கொம்பு என்கிற வளைந்த பல் ஒன்று.

உடைந்த பொருளைத் தொடாதே, வந்து சொல் என்பதுதான் மேற்பார்வையாளரின் கட்டளை. நான் கேட்டால்தானே! கோயில் வீதியில் வளர்ந்தவன், எத்தனை உருத்திராக்க மாலை கோத்திருப்பேன்! சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து விதைகளை அழகாகக் கோத்து முடித்தேன். எலும்புகளையும் கொம்பையும் மட்டும் சேர்க்கவில்லை. ஜபமாலையில் எலும்பாவது! வேறு பெட்டிச் சாமான் தவறி விழுந்திருக்கும் என்று நானே முடிவுகட்டி, காகிதத்தால் பிடித்துக் குப்பைப் பையில் போட்டேன். கையையும் இரண்டு தரம் கழுவினேன்.

பிற்பகலில் அந்த ஜபமாலைக்குச் சொந்தக்கார அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். மாலையை எடுத்துக் கண்ணை மூடி, விரலால் தடவிக்கொண்டே போனார். விரல் நின்றது. முகம் வெளிறிவிட்டது. அது காலமான அவரது தாயாரின் மாலை. தாயாருக்குக் கண் தெரியாது. செத்தவர்களை அழைத்து, அவர்கள் சொல்வதை உறவினருக்குச் சொல்பவராம். அப்போது கெட்ட ஆவி அண்டாமல் காத்தவை அந்த எலும்புகள்தானாம்.

மேற்பார்வையாளர் கப்பலில் அனுப்பியவர்களைத் திட்டத் தொடங்கினார். பேசாமல் நின்றிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால் குப்பை லொறி வருகிற நேரம். “நான்தான் எறிந்தேன்” என்று சொல்லிவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினேன்.

லொறி வந்தே விட்டது. டிரைவரின் காலில் விழாத குறைதான். பை பையாகக் கொட்டிக் கிளறினேன். அந்த அம்மாவும் பக்கத்தில் முழந்தாளிட்டுத் தேடினார். எல்லாம் கிடைத்தது, கொம்பைத் தவிர. கடைசியில் அது ஈரத் தேயிலைப் பைகளுக்குள் அகப்பட்டது. அந்த அம்மா அதைத் துடைக்கக்கூட இல்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். வெட்கத்தில் எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

பிறகு, திரும்பவும் நீயே கோத்துத் தா என்று என்னிடமே நீட்டினார். அவர் கண்ணை மூடி இடம் சொல்லச் சொல்ல, நான் கோத்தேன். அதனால்தான் என் வேலையும் தப்பியது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “எலும்பெண்டு அருவருத்தனீங்களோ? காலமை காலமை நீங்கள் கும்பிடுற சிவன்ரை கழுத்திலை என்னப்பா கிடக்குது, மல்லிகைப்பூவோ?”

எலும்பும் பன்றிக் கொம்பும் அணிந்தவர் என்று தேவாரம் பாடுகிற சிவனை அன்று காலையும் கும்பிட்டுவிட்டுத்தானே வேலைக்குப் போனேன்! இன்றைக்கும் திருநீறு பூசக் கையெடுக்கும்போதெல்லாம், அந்தக் கொம்பைக் காகிதத்தால் பிடித்து எறிந்த கை இதுதான் என்பது நினைவுக்கு வருகிறது.